உங்களுக்குத் தெரியுமா? புலித்தோலுக்கு எந்தப் பசை?

● செத்த விலங்கை உயிரோடு நிற்பதுபோல் நிறுத்தி வைக்கும் வேலைக்குத் தமிழில் 'பாடம் செய்வது' என்று பெயர். புகையிலையையும் பாடம் செய்வார்கள், புலியையும் பாடம் செய்வார்கள். ஆங்கிலத்தில் வழங்கும் டாக்ஸிடெர்மி என்ற சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'டாக்ஸிஸ்' என்றால் ஒழுங்காக அமைப்பது, 'டெர்மா' என்றால் தோல். கண்ணாடிப் பெட்டிக்குள் உறுமிக்கொண்டு நிற்கும் புலியில் புலிக்குச் சொந்தமானது பெரும்பாலும் தோல் மட்டும்தான். கண் கண்ணாடியில் செய்தது. நாக்கும் செய்து வைத்ததே. உள்ளே இருப்பது ஒரு பொம்மை உடம்பு. அந்த உடம்பைத் தோல் விட்டுப் போகாமல் பிடித்துக்கொண்டிருப்பது பசை.

● 'வைக்கோல் அடைத்த புலி' என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அது மிகப் பழைய முறை. வைக்கோலை அடைத்துத் தைத்தால் புலி தலையணை மாதிரிதான் இருக்கும். மைசூரில் 1900 வாக்கில் தொடங்கிய வான் இங்கன் நிறுவனத்தார் அச்சு செய்து, அதில் காகிதத்தையும் பசையையும் அடுக்கடுக்காக ஒட்டிக் காகிதக்கூழ் உடம்புகளை வார்த்தார்கள். மகாராஜாக்களும் வெள்ளைக்காரத் துரைகளும் சுட்ட ஆயிரக்கணக்கான புலி, சிறுத்தைகள் அந்தப் பட்டறைக்குள் தோலாகப் போய், உறுமும் முகத்தோடு வெளியே வந்தன. நிறுவனரின் பிள்ளைகளுக்கு டிவெட், போத்தா, ஜூபேர் என்று தென்னாப்பிரிக்கப் போயர் தளபதிகளின் பெயர்கள். வேட்டைக்குக் கடிவாளம் போட்டு இந்தியாவில் 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நிறுவனம் 1999-இல் மூடப்பட்டது. ஜூபேர் 2013-இல், 100 வயதில் காலமானார்.

இன்றைக்குக் காகிதக்கூழின் இடத்தை இலேசான பாலியூரித்தேன் நுரை பிடித்துவிட்டது. பசை வேலை மட்டும் அப்படியே இருக்கிறது.

● பாடம் செய்பவர்கள் அஞ்சும் கோளாறு ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு 'டிரம்மிங்' என்று பெயர். நம் பேச்சில் சொன்னால், தோல் மேளம் கட்டிக்கொள்வது. ஈரத்தோல் காயும்போது சுருங்கும். சுருங்கும் தோல் குழிக்குள் படிந்து கிடக்காது. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நேராக இழுத்துக்கொண்டு எழும்பிவிடும். கண்ணுக்குக் கீழ், மூக்கின் பக்கவாட்டு, காதின் உட்பக்கம், விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளம் எல்லாம் தூர்ந்து, முகம் வீங்கிய பூனை மாதிரி ஆகிவிடும். விரலால் தட்டினால் 'டொக்' என்று கேட்கும்.

தவில்காரருக்குச் சொத்தாக இருப்பது பாடம் செய்பவருக்கு நஷ்டம். தோலின் குணம் இருவருக்கும் ஒன்றுதான். வெற்றிடத்தின் மேல் விறைப்பாக நின்றால் அது மேளம். பள்ளத்தோடு ஒட்டிக் கிடந்தால் அது முகம். நடுவில் நிற்பது பசை.

● கெடுதியான பசை எது என்று பாடம் செய்பவர்களிடம் கேட்டால், சட்டென்று ஒட்டும் பசை என்பார்கள். வியப்பாக இருக்கும், கடைக்காரர் அதைத்தானே பெருமையாகச் சொல்லி விற்கிறார்! ஆனால் ஒரு புலித்தோலை உடம்பின் மேல் போர்த்தி, வரிகளை இரண்டு பக்கமும் ஒத்துப் பார்த்து, இமையை உள்ளே மடித்து, மீசைமயிர் நிற்கும் இடத்தைச் சரிசெய்து முடிக்க மணிக்கணக்காகும். அதுவரை தோல் வழுக்கி நகர வேண்டும். அதனால் இந்த வேலைக்கென்று விற்கும் பசைகளில் பல, மாவுச்சத்தை வறுத்து எடுக்கும் டெக்ஸ்ட்ரின் கலந்து, தண்ணீரில் கரையும்படி, மெதுவாக இறுகும்படி செய்யப்படுகின்றன. தோலும் ஈரம், பசையும் ஈரம். இரண்டும் ஒன்றாகக் காயும்.

● செருப்புத் தைப்பவரிடம் இருக்கும் மஞ்சள் பசையைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் தடவி, கை வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு அழுத்த வேண்டும். அழுத்தியது அழுத்தியதுதான், மறு யோசனைக்கு இடமில்லை. காய்ந்த தோலுக்கும் செருப்புக்கும் அது பொருத்தம். ஈரத்தோலில் அது பிடிக்கவே பிடிக்காது.

● மலேசியாவில் அவசரப் பசைக்கு 'கம் காஜா' என்று பெயர் நிலைத்துவிட்டது. யானைப் பசை என்று அர்த்தம். சயனோஅக்ரிலேட் என்ற அந்த மருந்து இறுகுவதற்குக் காற்றிலும் பொருளிலும் இருக்கும் ஈரம்தான் தூண்டுகோல். அலோர் ஸ்டார் மாதிரி எப்போதும் காற்றில் ஈரம் நிற்கும் ஊரில் அது விரலோடு விரலை ஒட்டிவிடுவதில் ஆச்சரியமில்லை. பாடம் செய்பவர்கள் இமை ஓரத்திலும் உதட்டு மடிப்பிலும் ஒரு சொட்டு வைப்பதுண்டு. யானைத் தோல் முழுவதற்கும் யானைப் பசை வைத்தால் காரியம் கெட்டது.

● இனி நம் வீட்டுக் கதை. கெடாவின் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்குப் பாடம் செய்த புலியைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம், தோலை மரத்தில் ஒட்டுவது தெரியும். தப்பு, அதாவது பறை, ஒட்டிச் செய்யும் வாத்தியம். வளைந்த மூன்று மரத்துண்டுகளைச் சேர்த்து ஒரு வட்டம். அதன் மேல் கன்றுத் தோல். நடுவில் ஒட்டும் பொருள், புளியங்கொட்டைப் பசை.

சுங்கை பட்டாணிக்குப் பக்கத்தில் நான் வளர்ந்த தோட்டத்தில், லயத்தின் கடைசி வீட்டுத் தாத்தா தப்பு கட்டுவார். கோயில் திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே அவர் வீட்டுப் பக்கம் வறுத்த புளியங்கொட்டை வாசனை வந்துவிடும். கொட்டையை மணலில் வறுப்பார். கறுப்புத் தோல் வெடித்துக் கழன்று வரும். அதைப் புடைத்துத் தள்ளிவிட்டு, வெள்ளைப் பருப்பை ராத்திரி முழுவதும் ஊறப்போடுவார். காலையில் அம்மியில் வைத்து அரைத்து, தகர டின்னில் தண்ணீர் விட்டுக் கிளறிக்கொண்டே காய்ச்சுவார். கூழ் பதத்திலிருந்து களிப் பதத்துக்கு வரும்போது அகப்பையைத் தூக்கினால் நூல் நூலாக இழுக்கும். அதுதான் பதம்.

தோலும் ராத்திரியே ஊறி, மயிர் வழித்துத் தயாராக இருக்கும். மர வட்டத்தின் வெளிப்பக்கம் பசையை விரல் தடிமனுக்கு அப்பி, தோலைப் போர்த்தி, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து இழுப்பார்கள். ஒரு பக்கம் சுருக்கம் விழுந்தால் தோலைக் கொஞ்சம் தூக்கி, நகர்த்தி, மறுபடியும் படிய வைக்கலாம். அரைமணி நேரமானாலும் பசை சம்மதிக்கும். பிறகு சுற்றிலும் கயிறு கட்டி, அடுப்பங்கரை ஓரமாக நிழலில் வைத்துவிடுவார். வெயிலில் வைத்தால் என்ன என்று கேட்டேன். "வெயில்ல வச்சா தோலு முந்திக்கும்டா, பசை பின்தங்கிடும். பசை பிடிக்கிற வரைக்கும் தோலு நம்ம பேச்சைக் கேக்கணும்" என்றார். பாடம் செய்யும் கலையின் பசைப் பாடம் முழுவதும் அந்த இரண்டு வாக்கியத்தில் இருந்தது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் விளங்கியது.

● புளியங்கொட்டைப் பருப்பில் இருப்பது சைலோகுளூக்கன் என்னும் ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலி. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு கொழகொழப்பாகும். நெசவாலைகளில் நூலுக்குக் கஞ்சி போடவும் இந்தப் பொடிதான் போகிறது. புளியைக் கரைத்துவிட்டுக் கொட்டையை வீசும் சமையலறைகளுக்கு இது ஒரு செய்தி.

● தோலை ஒட்டத் தோலிலிருந்தே பசை எடுக்கலாம். தச்சர்கள் வஜ்ஜிரம் என்பார்களே, அதுதான். மாட்டுத் தோல், எலும்பு, நரம்புத் துண்டுகளைக் காய்ச்சினால் கொலாஜன் கரைந்து ஜெலட்டினாகும். காயவைத்தால் கட்டி. வேண்டும்போது பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டியை வைத்து இளக்க வேண்டும். நேரடியாக அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் பசையின் வலு போய்விடும்.

பழைய சங்கதி இது. 6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் வஜ்ரலேபத்துக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதில் ஒரு கலவைக்கு எருமைத் தோலும் கொம்பும் சேரும். கோயில், மாளிகை கட்டுபவர்களுக்காகச் சொன்னது. அந்த வஜ்ரம்தான் தச்சுப் பட்டறையில் வஜ்ஜிரமாக நிற்கிறது.

பாடம் செய்பவருக்கு இதில் ஓர் ஆபத்து. பதனிடாத ஈரத்தோல் 60, 65 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே சுருண்டுவிடும். பசை இளகும் சூடும் ஏறத்தாழ அதுவே. ஆறவிட்டால் பசை கட்டியாகிறது, ஆறாமல் ஊற்றினால் தோல் சுருள்கிறது. கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் வசப்படும் பசை.

● கோல கெடா மீன்பிடித் துறையில் பெரிய மீன்களின் நெட்டியை, அதாவது காற்றுப்பையை, தனியே எடுத்துக் காயவைத்து நல்ல விலைக்கு விற்பார்கள். சீனர்களுக்கு அது விருந்துச் சூப். ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் ஸ்டர்ஜன் மீனின் நெட்டியைக் காய்ச்சி எடுக்கும் பசையால் ஓவியங்களின் உரிந்த வண்ணத்தை ஒட்டுகிறார்கள், வெடித்த மெல்லிய தோலையும் ஒட்டுகிறார்கள். வஜ்ஜிரத்துக்கு உறவு முறைதான், இன்னும் மென்மையானது.

● இத்தனைக்கும் நடுவில் ஒரு கேள்வி வந்திருக்கும். ஊரைச் சுற்றிலும் பால்மரம் நிற்கிறதே, ரப்பர் பாலையே தடவினால் போதாதா? எனக்கும் வந்தது. ஒன்பது வயதில் ஒரு காலி மைலோ டின், கசாப்புக் கடையில் கெஞ்சி வாங்கிய ஆட்டுத்தோல் துண்டு, வாளிக்காரர் போன பிறகு மங்கில் சொட்டியிருந்த பால் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு தப்பு செய்தேன். முதல் இரண்டு நாள் பிரமாதமான சத்தம். நான்காம் நாள் தொளதொளவென்று ஆகிவிட்டது. தோல் எங்கும் கிழியவில்லை. விளிம்பிலிருந்து மெல்ல மெல்ல உள்பக்கம் நகர்ந்திருந்தது, பாலும் அதோடு சவ்வாக நீண்டிருந்தது. ஒரு வாரத்தில் நாற்றம் தாங்காமல் அம்மா டின்னோடு தூக்கி எறிந்தார்.

காரணம் எளிது. மரத்திலிருந்து இறங்கும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். காய்ந்த பிறகும் அது ரப்பர்தானே? இழுத்தால் நீளும். சுருங்கும் தோல் இராப்பகலாக இழுக்கிறது, ரப்பர் இராப்பகலாக விட்டுக்கொடுக்கிறது. போதாக்குறைக்குத் தோலில் ஊறும் கொழுப்பு ரப்பரைப் பிசுபிசுப்பாக்கும்.

● இன்னொரு வேடிக்கை. மாவுப்பசையைப் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுவது பழைய கைப்பாகம். மயில்துத்தத்தில் இருப்பது செம்பு. செம்பும் மாங்கனீசும் இயற்கை ரப்பருக்கு எமன். காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து அதைச் சீக்கிரம் அழிக்கும். மாவுப்பசைக்குக் காவல் நிற்கும் மருந்தே ரப்பர் பசைக்கு விஷம்.

● 'ஒட்டுப்பால்' என்ற சொல் நமக்குப் பழக்கமானது. வெட்டுக்கோட்டில் ஒட்டிக் காய்ந்த பால், மறுநாள் வெட்டுவதற்கு முன் உரித்துக் கூடையில் போடுவது. 'ஒட்டு' என்று பெயரில் இருந்தாலும் மரப்பட்டையோடு அது ஒட்டிய பிடி எவ்வளவு என்று பால் வெட்டியவர்களுக்குத் தெரியும்: ஓர் இழுப்பில் நாடா மாதிரி வந்துவிடும்.

● ரப்பரை வைத்து ஒட்டும் தொழிலில் முதலில் பேர் வாங்கியவர் ஸ்காட்லாந்தின் சார்லஸ் மேக்கிண்டாஷ். 1823-இல் ரப்பரை நாப்தாவில் கரைத்து இரண்டு துணிகளுக்கு நடுவில் பூசி மழைக்கோட்டு செய்தார். வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. ஆனாலும் விற்றது.

● கொம்பாங் மேளம் அடிக்கும் மலாய்க்காரர்கள் பசைக்குப் பதில் ஆணியை நம்புகிறார்கள். ஆட்டுத்தோலை மரச்சட்டத்தில் இழுத்துப் பித்தளைக் குமிழ் ஆணி அடிப்பார்கள். மழைநாளில் தோல் தளர்ந்தால், தோலுக்கும் மரத்துக்கும் இடையில் பிரம்பு வளையம் ஒன்றைச் செருகி விறைப்பாக்குவார்கள். தப்புக்கு வைக்கோலோ காகிதமோ கொளுத்தி அனல் காட்டுகிறோம், அவர்களுக்குப் பிரம்பு. ஒரே மழைக்கு இரண்டு வைத்தியம்.

● மிருதங்கத்தில் தோலை ஒட்டுவதில்லை, வார் போட்டு இழுத்துக் கட்டுவார்கள். ஆனால் அதன் வலது பக்கமான வலந்தலையில் இருக்கும் கறுப்பு வட்டம் முழுக்க முழுக்கப் பசை வேலை. வெந்த சோற்றையும் கல்பொடியையும் பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, ஒவ்வொரு பூச்சையும் கல்லால் தேய்த்துத் தேய்த்துக் காயவைக்கிறார்கள். அதற்குப் பெயரே 'சோறு'. காயும்போது அதில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழ வேண்டும். விழுந்தால்தான் தோலோடு சேர்ந்து அது அதிரும். ஒரே பாளமாக இறுகும் நவீனப் பசையை வைத்தால் நாதம் செத்துவிடும். இடது பக்கமான தொப்பியில் கச்சேரிக்கு முன் அப்பும் ரவைக் களியும் பசைதான். முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள்.

● நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியகமான பேராக் அருங்காட்சியகம் 1883-இல் தைப்பிங்கில் தொடங்கப்பட்டது. கூலிம்காரர்களுக்கு எட்டும் தூரம்தான். மலேசியாவில் மழை கொட்டும் ஊர்களில் தைப்பிங்கும் ஒன்று. மாவும் வஜ்ஜிரமும் ஈரம் கண்டால் பூஞ்சணம் பிடிக்கும் சரக்கு. கரப்பானுக்கும் எலிக்கும் விருந்து. அப்படிப்பட்ட ஊரில் பாடம் செய்த விலங்குகளைக் காப்பாற்றி வைத்திருப்பது சின்ன வேலை இல்லை.

● பூச்சிக்கு வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்த மருந்து, பாஷாணம். 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மெட்ஸ் நகரத்து மருந்துக்கடைக்காரர் பெக்கூர், ஆர்சனிக்கோடு சூடம், சோப்பு முதலியவற்றைக் கலந்து ஒரு களிம்பு செய்தார். தோலின் உட்பக்கம் பூசினால் எந்த வண்டும் கிட்டே வராது. உலகம் முழுவதும் அது பரவி, 20-ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது. பழைய துரை பங்களாக்களில் சுவரில் தொங்கிய மான் தலைக்குள்ளும் அது இருக்கலாம். மயிர்க்கால்களில் வெள்ளைப் பொடி தெரிந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், தட்டித் தூசி கிளப்பாதீர்கள், பிள்ளைகளை எட்ட நிறுத்துங்கள். கையுறைக்கு நமக்கென்ன பஞ்சம்? உலகத்திலேயே அதிகமாக ரப்பர் கையுறை செய்யும் நாடு நம்முடையது. புலித்தோலை ஒட்ட உதவாத ரப்பர் பால், பழைய புலித்தோலைத் தொட உதவுகிறது.

● மலேசியத் தீபகற்பத்தில் பாடம் செய்வதைத் தொழிலாக நடத்த உரிமம் வேண்டும். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 716, அப்படிச் சொல்கிறது. உரிமம் தருவது பெர்ஹிலித்தான் என்னும் வனவிலங்கு இலாகா. புலியோ முழுப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. அதன் தோல் மட்டுமில்லை, பல், நகம் வைத்திருந்தாலும் வழக்கு வரும். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி நாட்டின் காடுகளில் மிஞ்சியிருப்பவை 150-க்கும் குறைவு. தாத்தா காலத்துப் புலிநகச் சங்கிலி பெட்டிக்குள் கிடந்தால், யாரிடமும் பெருமை பேசாமல் முதலில் இலாகாவில் விசாரியுங்கள்.

● கடைசியாக ஒன்று. உங்கள் கோயிலில் ஓரம் பிரிந்த பழைய தப்பு தொங்கிக்கொண்டிருந்தால், அவசரப்பட்டு அதில் யானைப் பசையை ஊற்றிவிடாதீர்கள். அது மரத்துக்குள் இறங்கிக் கல்லாகிவிட்டால் அடுத்த முறை தோல் மாற்றும்போது மரமும் பிய்ந்து வரும். புளியங்கொட்டைப் பசை அப்படிச் செய்யாது. வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துச் சுற்றி வைத்தால் ஒரு ராத்திரியில் விட்டுக்கொடுத்துவிடும். இந்த வாரம் புளி கரைக்கும்போது கொட்டையை எடுத்து வையுங்கள். ஒரு தப்புக்கு இரண்டு கைப்பிடி போதும்.